மாற்றியதற்குக் காசு, சோதித்ததற்கு?

தேவையில்லாமல் மாற்றப்படும் லாரி உதிரிபாகங்களுக்கு ஒரு பட்டியல் போட்டால், கேம் ஷாஃப்ட் பொசிஷன் சென்சாருக்கு அதில் மேலிடம் கிடைக்கும். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்க நேரமாகிறது. ஸ்கேனரைச் செருகினால் திரையில் கேம் சென்சாரின் பெயர். பெரும்பாலும் ஒரே ஒரு போல்ட். கழற்றுவது சில நிமிட வேலை. புதியது ஏறுகிறது, கோடு அழிகிறது, வண்டி லோடு ஏற்றப் போகிறது. கொஞ்ச நாளில் அதே கோடோடு வேறு ஊரில் நிற்கிறது.

ஸ்கேனர் பொய் சொல்லவில்லை. வர வேண்டிய சிக்னல் வர வேண்டிய விதத்தில் வரவில்லை என்றுதான் அது சொன்னது. சென்சார் கெட்டுவிட்டது என்று படித்துக்கொண்டது பட்டறை.

அந்த சிக்னல் எதற்கு என்பதை ஒரு முறை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. 1-5-3-6-2-4 என்ற வரிசையில் எரியும் ஆறு சிலிண்டர் இன்ஜினில் ஒன்றாம் பிஸ்டன் மேலே வரும்போது ஆறாம் பிஸ்டனும் மேலே வரும். ஒன்று கம்ப்ரஷனின் முடிவில் இருக்கும், மற்றது எக்ஸாஸ்டின் முடிவில். கிராங்க் சென்சார் எவ்வளவு துல்லியமாக எண்ணினாலும் இந்த இரண்டில் எது எது என்று அதனால் பிரித்துச் சொல்ல முடியாது; கிராங்க் இரண்டு சுற்று போனால்தான் கேம் ஒரு சுற்று. இன்லைன் பம்பு வண்டிகளில் இந்தக் கேள்வியே எழுந்ததில்லை. பம்பே கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றியது, கியரில் மார்க் சேர்ந்தால் வேலை முடிந்தது. காமன் ரெயில் பம்பு அழுத்தத்தை மட்டும் தருகிறது. எந்த சிலிண்டருக்கு எப்போது டீசல் என்பதை இ.சி.யூ. முடிவு செய்கிறது, அதற்கு இரண்டு சென்சாரும் வேண்டும்.

பல இன்ஜின்களில் கிராங்க் சக்கரம் 60 பல்லுக்குப் பிரிக்கப்பட்டு, 2 பல் இல்லாமல் விடப்பட்டிருக்கும். பல்லுக்கு 6 டிகிரி, சுற்றுக்கு ஒரு இடைவெளி. கேம் சக்கரத்தில் சிலிண்டருக்கு ஒன்றாக ஆறு அடையாளமும், முதல் சிலிண்டரைக் காட்டிக்கொடுக்க அருகில் ஏழாவது ஒன்றும் இருப்பது பரவலான அமைப்பு. இந்த இரண்டு வரிசையும் இ.சி.யூ.வுக்குள் பொருந்தினால்தான் ‘சிங்க்’ ஆகிறது.

அறிகுறியில் இங்கேயே ஒரு நூல் கிடைக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் கேம் சிக்னல் போனால் பல இன்ஜின்கள் நிற்பதில்லை. ஒரு முறை சிங்க் ஆனபின் கிராங்கை மட்டும் எண்ணியே ஓடிவிடும். அடுத்த ஸ்டார்ட்டில்தான் இழுக்கும். சில இ.சி.யூ.க்கள் ஊகித்து ஒரு சிலிண்டருக்கு டீசல் விட்டுப் பார்க்கும். வேகம் ஏறாவிட்டால் ஒரு சுற்று தள்ளி முயலும். எனவே டோல்கேட் வரிசையில் திடீரென்று அணைந்துபோன வண்டிக்குக் கேம் சென்சாரை முதலில் சந்தேகிப்பது அவசரம். கிராங்க் சென்சார், இ.சி.யூ.வுக்கு வரும் சப்ளை, ரிலே, எர்த் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும்.

விதிவிலக்கு உண்டு. அமெரிக்காவில் ஃபோர்டு தன் பெரிய பிக்கப்களிலும் வேன்களிலும் 2003 வரை போட்ட 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் டீசலில் கிராங்க் சென்சாரே கிடையாது. கேம் சென்சார் ஒன்றுதான். அது கண்ணை மூடினால் இன்ஜின் ஓட்டத்திலேயே நின்றுவிடும். 2007-இல் அந்தச் சென்சாருக்காகவே ஃபோர்டு வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அதற்கு முன்பே பல உரிமையாளர்கள் ஒரு ஸ்பேர் சென்சாரையும் 10 மி.மீ. ஸ்பானரையும் டேஷ்போர்டில் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். அந்த இன்ஜினுக்கு ‘மாற்றிப் பார்’ சரியான வைத்தியமே. இரண்டு சென்சார் உள்ள இன்ஜினுக்கும் அதே பழக்கத்தைக் கொண்டுவந்ததுதான் தவறு.

கோடையும் முழுதாகப் படிக்க வேண்டும். பி 0340 சர்க்யூட்டைச் சொல்கிறது. 0342 சிக்னல் தாழ்ந்து கிடப்பதை, 0343 உயர்ந்து கிடப்பதை, 0344 விட்டுவிட்டு வருவதை. கனரக வண்டிகளில் கம்மின்ஸ் என்றால் எஸ்.பி.என். 723, வால்வோ என்றால் 636. பின்னால் வரும் எஃப்.எம்.ஐ. எண்ணை யாரும் பார்ப்பதில்லை. துப்பு இருப்பது அதில்தான். 3, 4 என்றால் வோல்டேஜ் விவகாரம், 5 என்றால் சர்க்யூட் விட்டிருக்கலாம். 2 அல்லது 8 என்றால் சிக்னல் வருகிறது, ஆனால் ஒழுங்காக இல்லை. 3-க்கு வயரைப் பார்க்காமலும் 8-க்குப் பல் சக்கரத்தைப் பார்க்காமலும் பெட்டி பிரிப்பதில் அர்த்தமில்லை.

வயர் பக்கம் எளிது. மூன்று வயர் என்றால் பெரும்பாலும் ஹால் வகை. சாவியைப் போட்டுக் கப்ளரைக் கழற்றி, 5 வோல்ட் சப்ளை இருக்கிறதா, எர்த் சுத்தமா, சிக்னல் வயரில் இ.சி.யூ. தரும் வோல்ட் நிற்கிறதா என்று பார்த்தால் போதும். ஹால் சென்சாரில் ஓம் மீட்டர் வைப்பது வீண்வேலை. 5 வோல்ட் இல்லையென்றால் சென்சாரைக் குறை சொல்ல வழியில்லை: அதே சப்ளை வேறு சென்சார்களுக்கும் போகிற இன்ஜின்கள் உண்டு, அதில் ஒன்று ஷார்ட் ஆனாலும் எல்லாம் சேர்ந்து விழும். ஒவ்வொன்றாகக் கழற்றும்போது எதைக் கழற்றினால் 5 வோல்ட் திரும்பி வருகிறதோ அதுதான் குற்றவாளி. இரண்டு வயர் காயில் வகையில் ரெசிஸ்டன்ஸ் பார்க்கலாம், செல்ஃப் அடித்து ஏ.சி. வோல்ட்டும் பார்க்கலாம். ஆனால் அறுந்த ஹார்னஸை ஒட்டும்போது அந்த இரண்டு வயரும் இடம் மாறியிருந்தால் இரண்டு அளவும் சரியாகவே காட்டும். அலை மட்டும் தலைகீழாகி, இன்ஜின் டைமிங் தப்பியதாக இ.சி.யூ. நினைக்கும். மல்டிமீட்டர் இதைக் கடைசிவரை காட்டாது.

சென்சாரை வெளியே எடுத்தால் உடனே துடைக்க வேண்டாம். முனையில் ஒட்டியிருக்கும் இரும்புத் தூள் உள்ளே எதுவோ தேய்வதன் சாட்சி. அதைத் துணியால் வழித்துவிட்டுப் புதியதை மாட்டுவது ஆதாரத்தை அழிப்பதற்குச் சமம். ஷிம் விட்டுப்போயிற்றா, இரண்டு ஓரிங் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்து இடைவெளி கூடிவிட்டதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். சூட்டில் ஸ்டார்ட் ஆக மறுத்து, ஆறினால் பிடிக்கும் வண்டியில் சென்சாரின் மேல் ஹீட் கன் காட்டி சிக்னலைக் கவனித்தால் நியாயமான சந்தேகம் தீரும். சென்சார் உண்மையிலேயே கெட்டுப்போவதும் உண்டு, அதை யாரும் மறுக்கவில்லை.

மிச்சமிருப்பது கேமும் கிராங்கும் ஒன்றுக்கொன்று பொருந்தாத நிலை, அதாவது பி 0016. கியர் ஒரு பல் தள்ளிப் பூட்டப்பட்டிருக்கலாம், டோன் சக்கரத்தின் டவல் பின் நறுங்கியிருக்கலாம், சங்கிலி உள்ள இன்ஜினில் சங்கிலி நீண்டிருக்கலாம். சென்சாரோ தான் கண்டதை நேர்மையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஹெட் இறக்கி ஏற்றிய பிறகு வந்த கோடு என்றால் கை முதலில் போக வேண்டிய இடம் டைமிங் கவர். கவரைப் பிரிக்கும் முன்பே இதை உறுதிசெய்ய இரண்டு சேனல் ஆசிலோஸ்கோப் ஒன்றே போதும்: ஒன்றில் கிராங்க், மற்றதில் கேம். விடுபட்ட பல்லிலிருந்து கேம் அடையாளம் எத்தனை பல் தள்ளி விழுகிறது என்று எண்ணி, அதே மாடலின் நல்ல இன்ஜினோடு ஒப்பிட வேண்டும். ஒரு பல் தள்ளினால் திரையில் பளிச்சென்று தெரியும். அந்த ‘நல்ல’ அலையை இணையத்தில் தேடி அலைவதைவிட, சர்வீசுக்கு வரும் ஆரோக்கியமான வண்டிகளிலேயே எடுத்து, மாடல் வாரியாகச் சேமித்துவைப்பது மேல்.

இதெல்லாம் நம் மெக்கானிக்குகளுக்குத் தெரியாதா? நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் இதைவிட நுட்பமாகப் பேசக்கூடியவர்கள் இருக்கிறார்கள். சிக்கல் பில்லில் இருக்கிறது. சென்சாருக்கு விலை உண்டு, மாட்டியதற்குக் கூலி உண்டு. ஒரு மணி நேரம் வயர் வயராகப் பார்த்து, கப்ளருக்குள் விரிந்திருந்த ஒரு பின்னை நெருக்கிவிட்டவருக்கு டீக்காசு. பாகம் மாற்றினால் வருமானம், பழுதைக் கண்டுபிடித்தால் நஷ்டம் என்று கணக்கு இருக்கும்வரை எந்தப் பயிற்சி வகுப்பும் இந்தப் பழக்கத்தை மாற்றாது. 2020 ஏப்ரல் 1 முதல் விற்கும் பி.எஸ். 6 வண்டிகளில் சென்சார்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. கேம் சென்சாரில் நடப்பது நாளை நாக்ஸ் சென்சாரில் இன்னும் பெரிய தொகைக்கு நடக்கும்.

ஆகவே இவ்விதழின் யோசனை ஒன்றுதான். சோதனைக் கட்டணத்தைப் பில்லில் தனி வரியாகப் போடுங்கள், வண்டியைத் தொடும் முன்பே உரிமையாளரிடம் சொல்லிவிடுங்கள். முதலில் முணுமுணுப்பார்கள். பழுதோடு எடுத்த அலையையும் சரிசெய்தபின் எடுத்த அலையையும் ஒரே தாளில் அச்சிட்டு, தேதியும் கிலோமீட்டரும் எழுதி, பில்லோடு சேர்த்துப் பின் அடித்துக் கொடுங்கள். எதற்குப் பணம் கொடுத்தோம் என்பதை உரிமையாளர் தன் கண்ணால் பார்ப்பார், அடுத்த பட்டறைக்காரர் சென்சார் விலை சொல்லும்போது அந்தத் தாளை எடுத்தும் காட்டுவார்.