மலையேறிய தண்ணீர்

ஊதாரியைக் குறித்து, “பணத்தைத் தண்ணீராய் இறைக்கிறான்” என்பது நம்மவர் வழக்கு. தண்ணீருக்கு விலையில்லாத நாளில் எழுந்த உவமை அது. இன்றோ, தண்ணீரை இறைப்பவன் பணத்தையே இறைக்கிறான்.

ஹந்தானைச் சாரலில் குடியிருக்கும் நமக்கு இவ்வுண்மை நன்கு விளங்கும். மகாவலி கங்கை அடிவாரத்தில் ஓடுகிறது; நம் வீடுகளோ மேட்டில் நிற்கின்றன. கெட்டம்பே போன்ற இடங்களில் ஆற்றுநீரைத் தெளியவைத்து, வடித்து, குளோரின் சேர்த்து, மின்சார விசையால் மேலேற்றுகின்றனர். எனவே நாம் செலுத்தும் கட்டணம் நீரின் விலை மட்டுமன்று. அதில் மலையேறிய கூலியும் உண்டு. பத்தாண்டு மாறாதிருந்த தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் கட்டணம் 2022 செப்டம்பரிலும், பின்னர் 2023 ஆகஸ்டிலும் உயர்ந்ததற்கு மின்கட்டண உயர்வும் ஒரு காரணமாகும். 1000 லீற்றர் ஓர் அலகு. செலவிடும் அலகுகள் பெருகப் பெருக, ஓர் அலகின் விலையும் படிப்படியாக ஏறும்.

ஒரு மாசி மாதம் நம் வீட்டுக்கு வந்த பட்டியல் வழக்கத்தைவிட இருமடங்காயிருந்தது. மானியை வாசித்தவரே தவறியிருப்பார் என்று சினந்தோம். இல்லாள் சொற்கேட்டு, அன்றிரவு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மானியை நோக்கினோம். அதன் சிறு சக்கரம் சுழன்றுகொண்டிருந்தது! மலசலகூடத் தொட்டியில் சலவை நீலம் சிறிது கரைத்தோம். யாரும் நீர் ஊற்றாமலே, அரைமணி நேரத்தில் கீழே கிண்ணத்தில் நீலம் தோன்றிற்று. தொட்டிக்குள் தேய்ந்துபோன இறப்பர் வளையமே கள்வன்! அதனை மாற்றிய செலவு, அம்மாதம் மிகையாகக் கட்டிய தொகையினும் குறைவு. நாம் சினந்தது வீண் என்பதையும் உணர்ந்தோம்.

மாணவர்களுக்கு ஓர் எளிய கணக்கு. ஒழுகும் குழாயின்கீழ் ஒரு லீற்றர்ப் போத்தலை வையுங்கள். அது ஒரு மணி நேரத்தில் நிரம்புமாயின், நாளொன்றுக்கு 24 லீற்றர்; 30 நாளில் 720 லீற்றர். பதினைந்து லீற்றர்க் குடத்தால் அளந்தால் 48 குடம்.

மலைநாட்டுத் தோட்ட லயங்கள் பலவற்றில், பீலித் தண்ணீரை நம்பியே குடும்பங்கள் வாழ்கின்றன. வறண்ட மாதங்களில் பீலி மெலியும்போது, கொழுந்து பறித்துத் திரும்பிய தாய் குடத்துடன் வரிசையில் காத்திருக்கிறாள். அரிசி கழுவிய நீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவது அவள் வீட்டில் சிக்கனம் எனப்படுவதில்லை. அது அன்றாட வழக்கம். நம் குழாய் ஒரு மாதத்தில் ஓசையின்றிச் சிந்தும் நீர், அவளுக்கு 48 தடவை இடுப்பில் ஏறிய சுமை.

இன்றிரவு உறங்குமுன், அன்பர்களே, உங்கள் வீட்டு மானியையும் ஒருமுறை நோக்குங்கள்.