பொம்மைச் சட்டைக்கு என்ன விலை?

ஆரணிப் பட்டுக்கு விலை சொல்லும் நெசவாளிக்கு ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை. பட்டு நூல் இவ்வளவு, ஜரிகை இவ்வளவு, தறியில் உட்கார்ந்த நாட்களுக்குக் கூலி இவ்வளவு என்று கணக்குச் சொல்லிவிடலாம். கட்டுப்படியானால் வாங்குகிறோம், இல்லாவிட்டால் கும்பிடு போட்டுவிட்டு நடக்கிறோம்.

ஆரணியை அடுத்த சேத்துப்பட்டிலும், எல்லா ஊர்களையும் போலவே, இன்று பிள்ளைகளின் கைபேசிக்குள் வேறொரு ஜவுளிக்கடை திறந்திருக்கிறது. ஆட்டம் இலவசம். ஆட்டத்தில் ஓடுகிற பொம்மைக்குச் சட்டை, துப்பாக்கிக்கு வர்ணம் இவற்றுக்குத்தான் காசு. அந்தக் கடையில் பொருளுக்கு நேரே ரூபாயில் விலை எழுதியிருக்காது. ‘ஃப்ரீ ஃபயர்’ ஆட்டத்தில் ‘வைரம்’, ‘பி.ஜி.எம்.ஐ.’ ஆட்டத்தில் ‘யூ.சி.’ முதலில் ரூபாய் கொடுத்து வைரம் வாங்க வேண்டும். பிறகு வைரம் கொடுத்துச் சட்டை வாங்க வேண்டும்.

இந்தச் சுற்று வழி எதற்கு? ஓர் உதாரணம் பார்ப்போம். வைரம் நூறு நூறாகத்தான் விற்கிறது. சட்டையின் விலையோ நூற்றிருபது வைரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருநூறு வாங்கியே தீரவேண்டும். மீதி எண்பது வீணாகிறதே என்று மறுபடியும் நூறு வாங்கத் தோன்றும். கடைசியில் எத்தனை ரூபாய் போயிற்று என்று பையனுக்கும் தெரியாது, தகப்பனாருக்கும் தெரியாது.

அந்தக் காலத்து மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். தரகருக்கு அது சௌகரியம், விவசாயிக்குத்தான் நஷ்டம். விளைபொருள் வியாபாரத்தில் இப்படிப்பட்ட மறைவுகளை ஒழிக்கத்தான் 1933-ல் சென்னை மாகாணத்தில் வாணிபப் பயிர்களின் சந்தைச் சட்டம் வந்தது. இன்று சேத்துப்பட்டு ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் எடை இவ்வளவு, விலை இத்தனை ரூபாய் என்று விவசாயிக்குச் சொல்லியாக வேண்டும். நெல் மூட்டைக்கு உள்ள நியாயம் பொம்மைச் சட்டைக்கு ஏன் இல்லை?

“கம்பெனிகள் பிழைக்க வேண்டாமா? யாரும் கட்டாயப்படுத்தவில்லையே!” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். படம் எழுதுகிறவர்களுக்கும் யந்திரங்களுக்கும் செலவு உண்டு. நெசவாளி தன் கூலியைக் கேட்பதுபோல் அவர்களும் கேட்கட்டும். விலையைக் குறை என்று நாம் சொல்லவில்லை. விலையைச் சொல் என்கிறோம். தெரிந்து கொடுத்தால் அது விலை. தெரியாமல் கொடுத்தால் அது ஏமாற்று.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பட்டுப் புடவை பெட்டியில் இருக்கும், மகளுக்குப் போகும். பொம்மைச் சட்டையோ கம்பெனியின் ஏட்டிலேயே இருக்கிறது. 2020 செப்டம்பரில் ‘பப்ஜி மொபைல்’ தடை செய்யப்பட்டபோது, காசு கொடுத்து வாங்கியவர்கள் எதையும் எடுத்து வைத்துக்கொள்ள முடியவில்லை. மறு வருஷம் அந்த ஆட்டம் ‘பி.ஜி.எம்.ஐ.’ என்ற பெயரில் திரும்பி வந்து, பழைய கணக்கை மாற்றிக்கொள்ள வழிவிட்டது. அது கம்பெனியின் தயவு. வாங்கியவரின் உரிமை அல்ல.

‘அதிர்ஷ்டப் பெட்டி’ சங்கதி இதைவிட மோசம். காசு கட்டிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே என்ன இருக்குமோ, தெரியாது. எந்தப் பொருள் எத்தனைக்கு ஒன்று விழும் என்று சொல்லியாக வேண்டுமென்ற சீனாவின் உத்தரவு 2017-ல் அமலுக்கு வந்தது. பெல்ஜியம் 2018-ல் இதைச் சூதாட்டம் என்றே தீர்மானித்தது. ‘ஃபோர்ட்நைட்’ ஆட்டத்தை நடத்தும் எபிக் கம்பெனி, வாங்கியவர்களுக்கு 24.5 கோடி டாலர் திருப்பித் தர 2022-ல் அமெரிக்காவில் ஒப்புக்கொண்டது. பெற்றோர் சம்மதமின்றிப் பிள்ளைகள் வாங்க இடம் கொடுத்தது அங்கே எழுந்த புகார்களில் ஒன்று.

நம் நாட்டிலும் 2025-ல் மத்திய சர்க்கார் சட்டம் கொண்டுவந்து, பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டங்களைத் தடுத்தது. நல்ல காரியம். ஆனால் ஆட்டத்துக்குள் விற்கும் பொருளுக்கு ரூபாயில் விலை எழுத வேண்டும் என்ற கட்டளை அதில் இல்லை. பிஸ்கட் பொட்டலத்தில் விலை அச்சிடாமல் விற்றால் குற்றம். வைரத்துக்கு மட்டும் விலக்கா?

ஆகவே மூன்று காரியங்கள் வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் ரூபாயில் விலை. ஒவ்வொரு பெட்டியின் மேலும், எத்தனைக்கு ஒன்று விழும் என்ற கணக்கு. பதினெட்டு வயது நிரம்பாதவர் பெற்றோர் அறியாமல் வாங்கினால் பணம் வாபஸ். மைனரோடு செய்த ஒப்பந்தம் செல்லாது என்பது 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்திலிருந்தே வரும் நியாயந்தானே!

சட்டம் வரும் வரையில் பெற்றோர் சும்மா இருக்க வேண்டியதில்லை. கைபேசியில் பணம் கட்டும் வழிக்கு ரகசிய எண் போட்டு, அதைத் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம். மோசம் போனவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். தறியில் மாடாய் உழைத்துச் சேர்த்த கூலி, விலை தெரியாத சட்டைக்குப் போகக் கூடாது.