வட்டம் சுத்துற ரயில் மட்டும் போதுமா?

வீட்டில் மாதிரி ரயில் ஓட்டும் அன்பர்களுக்கு எங்க கருத்து ஒன்று: அடுத்த எஞ்சின் வாங்குறதுக்கு முன்னாடி, இன்டர்சேஞ்ச் தண்டவாளம் ஒன்னு போடுங்க.

அமெரிக்காவில் சரக்குப் பெட்டி சொந்தக் கம்பெனி தண்டவாளத்தோடு நின்றுவிடாது. ரெண்டு கம்பெனி சேரும் இடத்தில் ஒருவர் பெட்டிகளை விட்டுப் போவார், மற்றவர் எடுத்துப் போவார். அடுத்தவங்க பெட்டி நம்ம லைன்ல இருக்கிற வரைக்கும் வாடகை கட்டணும். அதனால சும்மா நிறுத்தி வைக்க மாட்டாங்க.

இதுக்குப் பெரிய இடம் வேண்டாம். எச்ஓ அளவு 1:87. 50 அடிப் பெட்டி 7 அங்குலம்தான். 4 அடி இருந்தா 6 பெட்டி நிறுத்தலாம். மாவு ஆலைக்கு ஒன்றிரண்டு வகைப் பெட்டிதான் வரும். இந்தத் தண்டவாளத்துக்கு எல்லா வகையும் வரும்.

பெட்டிக்கு ஒரு அட்டை, எங்கிருந்து எங்கே என்று ஒரு சீட்டு. "இது ஆபீஸ் வேலை மாதிரி இருக்கே" என்பார்கள். ஃபேக்டரியில டெலிவரி ஆர்டர் இல்லாம லோரி கிளம்புமா? சீட்டு இருந்தாத்தான் ஓட்டத்துக்கு அர்த்தம். 1940-களிலேயே ஃப்ராங்க் எல்லிசன் மாதிரி ரயிலை நாடக மேடையோடு ஒப்பிட்டு எழுதினார்.

சும்மா சுத்துற ரயில் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் சலிச்சிடும். சீட்டைக் கையில கொடுங்க. "இந்தப் பெட்டியை எங்கே விடணும்?"னு அவங்களே கேட்பாங்க.