மூலப் பதிவைத் தொடலாகாது

நாள்மழை அளவுகளை ஆராயும் பணியாளரும், அக்கணக்கைக் கற்பிக்கும் ஆசிரியரும் மாட்லாப் மென்பொருளை அறிவர். அதில் காலதாமதமாகும் கணக்குப் பகுதியைச் சி மொழியில் எழுதி, 'மெக்ஸ்' கோப்பாகத் தொகுத்து இணைப்பது வழக்கம். அவ்விணைப்பில் ஓர் இடர் மறைந்துள்ளது.

மூல அளவுகளை உடைய மாறியை மற்றொரு பெயருக்கு ஈடாக்கும்போது மாட்லாப் உடனே நகலெடுப்பதில்லை. இரு பெயர்களும் நினைவகத்தில் ஒரே இடத்தைச் சுட்டி நிற்கும். ஒன்றை மாற்றும் வேளையில்தான் நகல் பிறக்கும். சிக்கனமான ஏற்பாடே. ஆயின் சி மொழிப் பகுதி இவ்வேற்பாட்டை அறியாது. உள்ளீட்டு அணியை மாற்றலாகாதென அதன் முகப்பில் குறித்திருப்பினும், எண்களைச் சுட்டும் சுட்டிக்கு அக்கட்டுப்பாடு இல்லை. ஆகலின் தொகுப்பியும் தடுப்பதில்லை. அச்சுட்டியின் வழியே நேரே எழுதினால், திருத்திய எண்கள் மூலப் பதிவிலும் ஏறிவிடும். 124 மில்லிமீட்டர் 12.4 ஆகியிருப்பினும், ஒப்பிட்டுப் பார்க்க மூலம் எஞ்சியிராது.

நகலெடுப்பது நினைவக விரயம் என்பார் உளர். பெரிய செயற்கைக்கோள் படங்களைக் கையாள்வோர் அவ்வாறு கூறின் ஏற்கலாம். ஒரு நிலையத்தின் 20 ஆண்டு நாள்மழைப் பதிவோ ஏறத்தாழ 7,300 எண்களே. எண்ணுக்கு 8 பைட்டு வீதம் 60 ஆயிரம் பைட்டுக்கும் குறைவு. இதற்காகவா மூலத்தை இழப்பது?

வெளியீட்டுக்கெனப் புதிய அணி ஒன்றை உண்டாக்கி, அதில் மட்டுமே எழுதுதல் வேண்டும். ஆசிரியர்கள் வேண்டுமென்றே பிழையான சிறு மெக்ஸ் கோப்பொன்றை வகுப்பில் இயக்கி, தொடாத மாறியும் மாறுவதை மாணவர் கண்ணாரக் காணச் செய்யலாம். பத்து நிமிடம் போதும்.