புதையல் இடம்: சொல்வதா? மறைப்பதா?

தம்மம்பட்டிக்கு ஒரு பக்கம் கொல்லிமலை. மறுபக்கம் பச்சைமலை.

மரச்சிற்பத்துக்குப் பெயர் பெற்ற ஊர் இது. சிற்பம் செய்யும் பட்டறை எங்கே இருக்கிறது என்று ஊர் உலகத்துக்கெல்லாம் சொல்லலாம். சொன்னால் வியாபாரம் பெருகும்.

மண்ணுக்குள் கிடக்கும் பழம்பொருள் அப்படி அல்ல. இடத்தைச் சொன்னால் கடப்பாரை வரும். சொல்லாவிட்டால், விவரம் தெரியாமல் மண் அள்ளும் எந்திரம் வரும்!

தங்கம் இல்லை

சேலம் மாவட்டத்து மலைகளிலும் காடுகளிலும் பழங்காலச் சமாதிகள் உண்டு. பெரிய கற்களை வட்டமாக நட்டிருப்பார்கள். சில இடங்களில் பலகைக் கற்களால் சிறு வீடு போலக் கட்டியிருப்பார்கள். "பாண்டவர் வீடு" என்று மக்கள் சொல்வது இதைத்தான்.

உள்ளே தங்கம் இருக்கும் என்று இரவில் தோண்டுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் கிடைப்பது என்ன? எலும்பு, பானை ஓடு, துருப்பிடித்த இரும்பு. ஆத்திரத்தில் அதை உடைத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

அந்தத் துருதான் உண்மையான புதையல்! மேட்டூர் பக்கம் மாங்காட்டில் கிடைத்த இரும்பு, கி.மு. 1600-ஐ ஒட்டிய காலத்தது. 2025-ம் ஆண்டு ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட இரும்பு பற்றிய ஆய்வு நூல் இதைச் சொல்கிறது. எந்த ஆழத்தில், எந்தப் பானைக்குப் பக்கத்தில் கிடந்தது என்பதும் ஆராய்ச்சிக்கு முக்கியம். தோண்டிக் கலைத்துவிட்டால் அந்தச் சாட்சி போய்விடும்.

பூட்டிய கோவில்

அப்படியானால் வாயைத் திறக்காமல் இருப்பதே நல்லதா? ஸ்ரீபுரந்தான் கதையைக் கேட்டால் தெரியும்.

அரியலூர் மாவட்டத்தில் உள்ள சிற்றூர் அது. அங்கே சோழர் காலத்துச் சிவன் கோவில் பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்தது. உள்ளே இருந்த 8 சாமி சிலைகள் 2006-ல் திருட்டுப் போயின. ஊராருக்குத் தெரிந்தது 2008-ல்! அதற்குள் நடராஜர் கடல் கடந்துவிட்டார். ஆஸ்திரேலிய அரசின் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் டாலர் கொடுத்து அவரை வாங்கிவிட்டது.

ஊருக்கே மறந்துபோன கோவில், திருடனுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

காட்டிக் கொடுத்தது ஒரு போட்டோ. புதுச்சேரியில் 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையம், கோவில் கோவிலாகப் போய்ப் படம் எடுத்து வைத்திருந்தது. அந்தப் படத்தையும் ஆஸ்திரேலியச் சிலையையும் ஒப்பிட்டார்கள். ஒன்றேதான்! 2014 செப்டம்பரில், ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டில்லிக்கு வந்து சிலையைப் பிரதமர் மோடியிடம் ஒப்படைத்தார். படம் இல்லை என்றால் நடராஜர் திரும்பியிருப்பது சந்தேகமே.

யாரிடம் சொல்வது?

ஆக, சொல்லவும் வேண்டும். ஊர் முழுக்கத் தண்டோரா போடவும் கூடாது. அமெரிக்காவில் 1979-ல் கொண்டு வந்த சட்டமும் இப்படித்தான். அரசு நிலத்தில் உள்ள பழைய இடங்களை அதிகாரிகள் பதிவு செய்வார்கள். ஆபத்து வரும் என்று தோன்றினால், இருப்பிடத்தை வெளியாருக்குச் சொல்ல மாட்டார்கள்.

நம் நாட்டில் 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் இருக்கிறது. மண்ணுக்குள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தவருக்குச் சட்டத்தில் பங்கு உண்டு. மறைத்தால் பங்கும் போகும். ஓராண்டு வரை சிறையும் கிடைக்கலாம். "சொன்னால் நிலத்தையே பிடுங்கிக்கொள்வார்கள்" என்ற பயத்தில்தான் பலர் மூடி மறைக்கிறார்கள். இந்தப் பயத்தைப் போக்குவது அதிகாரிகளின் வேலை.

ஏர் முனையில் பழம்பானை தட்டுப்பட்டால் அதை வெளியே எடுக்கக்கூடாது. கிடந்தபடியே ஒரு படம் எடுத்துக்கொண்டு, மேலே மண்ணைத் தள்ளிவிட்டு, கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்ல வேண்டும். டீக்கடையில் சொல்வது அதற்குப் பிறகு இருக்கட்டும்.