விடைபெறும் வேளையில்

பன்னிரண்டாம் வகுப்பை முடித்து, எங்களை வளர்த்த பள்ளியன்னையிடம் விடைபெறுகிறோம். சிற்றாலயத்தின் அமைதியும், தவறினால் பத்து முறை எழுத வைத்த கணக்குகளும் என்றும் நெஞ்சில் நிற்கும்.

செவிலியர், ஆசிரியை, பொறியாளர் என எங்கள் கனவுகள் பல. ஆயினும் எங்களுள் சிலரது வீட்டில், "படித்தது போதும், கல்லூரி வெகு தூரம்" என்ற பேச்சு தொடங்கிவிட்டது.

புதுக்கோட்டையில் ஆண்கள் கல்லூரியில் பயின்ற முத்துலட்சுமி அம்மையார், 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். அன்றைய தூரத்தைவிடவா இன்றைய தூரம் பெரிது? அன்புப் பெற்றோரே, பேருந்து உண்டு, விடுதி உண்டு. வேண்டுவது தங்கள் சம்மதமே.

அருட்சகோதரியர் ஏற்றிய விளக்கை மரக்காலால் மூடிவிடாதீர்கள். எங்களுள் ஒருத்தியும் பின்தங்கலாகாது என்பதே எங்கள் வேண்டுதல்.


பன்னிரண்டாம் வகுப்பு மாணவியர்