எண்ணுவது அறிவியல், எண்ணம் யாருடையது?

2016-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், ஒரே அமைச்சரவையில் வீற்றிருந்த இருவர் ஊரறியச் சொற்போர் நடத்தினர். பீகாரின் மொகாமா வட்டாரத்தில் நீல்காய் எனும் விலங்கு 200-க்கும் மேல் துப்பாக்கிக்கு இரையாகியிருந்தது. கொல்லும் வெறி இது என்று குமுறினார் மேனகா காந்தி அம்மையார். மாநிலம் கேட்டது, உழவர் துயருற்றனர், அறிவியல் முறைப்படி நிர்வகிக்கவே இசைவு தந்தோம் என்றார் சுற்றுச்சூழல் அமைச்சர் பிரகாஷ் ஜவடேகர். இரக்கமா, அறிவியலா என்று பட்டிமன்றமே எழுந்தது!

நாம் கேட்கிறோம்: அறிவியல் எந்தக் கட்சி? இவர் பக்கமுமில்லை, அவர் பக்கமுமில்லை. கேட்டால் அது கணக்குச் சொல்லும். தலைகள் எத்தனை, ஈற்றுக்கு எத்தனை கன்று, பருப்பு வயலில் விழுந்த இழப்பு எவ்வளவு, 200 சாய்ந்தால் அந்த இடம் எத்தனை ஆண்டில் மீண்டும் நிரம்பும் — இவற்றைச் சொல்லும். "மிகுதி" என்று மட்டும் சொல்லாது. மிகுதி என்பது எண்ணன்று, தீர்ப்பு! பயிரைப் பறிகொடுத்த உழவனுக்குப் பத்தே மிகுதி. காட்டில் இரை தேடும் புலிக்கோ அதே பத்து, பஞ்சம். யாருடைய இழப்பை யார் தாங்குவது என்பதல்லவா வழக்கு? அதைத் தீர்க்க வேண்டியவர் அமைச்சர். அவரோ அளவுகோலை எடுத்து முகத்தை மறைத்துக் கொள்கிறார்.

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். ஒரு விலங்கை இன்ன பகுதியில், இன்ன காலத்துக்கு 'வெர்மின்' என்று அறிவிக்கும் உரிமையை அதன் 62-ஆம் பிரிவு மத்திய அரசுக்குத் தருகிறது. தீங்குயிர் என்று தமிழில் சொல்லலாம். அந்தப் பட்டம் விழுந்துவிட்டால் அவ்விலங்குக்குச் சட்டத்தின் காப்பு இல்லை. பீகாரிலே நீல்காயும் காட்டுப்பன்றியும், உத்தரகண்டிலே காட்டுப்பன்றியும், சிம்லாவிலே குரங்கும் 2015 டிசம்பருக்கும் 2016 மார்ச்சுக்கும் இடையே பெற்றது இந்தப் பட்டத்தைத்தான். முதுகெலும்புள்ளவை உண்டு, பாலூட்டி உண்டு, குளம்புள்ளவை உண்டு. தீங்குயிர் என்றோர் இனம் எந்த விலங்கியல் நூலிலே உண்டு?

இன்னும் கேளுங்கள். அதே சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை, எலியோடும் காகத்தோடும் பழந்தின்னி வௌவாலையும் தீங்குயிர் என்று அரை நூற்றாண்டுக் காலம் சுமத்தி வைத்திருந்தது. இலுப்பைப் பூவுக்கு மகரந்தம் சேர்ப்பது அந்த வௌவால். கனியைத் தின்று விதையைத் தொலைவிலே தூவுவது அந்த வௌவால். 2022-இல் திருத்தம் வந்தது, அட்டவணை நீங்கியது. வௌவால் திருந்திவிட்டதா? அது அன்றும் தலைகீழாகத்தான் தொங்கிற்று, இன்றும் அப்படியே தொங்குகிறது. மாறியது அதனைப் பார்த்தோரின் மனம்.

பட்டம் கிடைத்த இடத்திலும் வேடிக்கை பாருங்கள்! சிம்லாவில் கொல்லலாம் என்று சர்க்கார் சொன்ன பின்னும், அனுமனின் இனமாயிற்றே என்று பலருக்குக் கை எழவில்லை. நீல்காயின் பெயரிலே 'காய்' இருக்கிறது; இந்தியில் அது பசு. விலங்கியலார் அதை இரலை வகை என்கின்றனர். ஆயினும் பெயரிலுள்ள பசு பல ஊர்களில் அதற்குக் கவசமாயிற்று. நம்பிக்கையைக் கணக்கில் எடுத்தாக வேண்டும், அது மக்கள் மனத்திலே இருப்பதால். ஆனால் அதற்கு ஆராய்ச்சி என்று பெயர் சூட்டலாமா?

விலங்குகளிடம் அன்பு பூண்டோருக்கும் ஒன்று சொல்வோம். உயிர்க்கொலை தகாது என்பது உங்கள் உள்ளத்தின் குரல். உயர்ந்த குரல்; அதை உரக்கச் சொல்லுங்கள். அதை விடுத்து, பத்துப் பன்றி செத்தால் இயற்கையின் சமன்பாடே குலையும் என்று கணக்கில்லாத கணக்குக் காட்டுவானேன்? பள்ளிப் பிள்ளையின் பகலுணவில் பருப்பு எத்தனை கிராம் என்பதை ஊட்டச்சத்து வல்லுநர் சொல்வார். பசித்த பிள்ளைக்குச் சோறிட வேண்டும் என்று எந்த ஆய்வுக்கூடமும் தீர்ப்பெழுதவில்லை. மக்கள் கேட்டனர், ஆட்சி இசைந்தது. அதனால் அந்தத் திட்டத்தின் மதிப்புக் குறைந்ததா என்ன?

தமிழ்நாட்டுக்கு வருவோம். நிலக்கடலையும் மரவள்ளியும் மக்காச்சோளமும் ஒரே இரவில் உழுது போட்டதுபோல் கிடக்கக் கண்ட உழவரின் முறையீட்டுக்குப் பின், 2025 ஜனவரியில் அரசு ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை காட்டுப்பன்றியைச் சுடலாகாது. 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3-க்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். பன்றி ஓரிரவில் எவ்வளவு தொலைவு நடக்கும் என்பதை ஆய்வாளர் அளக்கலாம். எந்த இடத்தில் காட்டின் உரிமை தணிந்து கழனியின் உரிமை ஓங்குகிறது என்பதை அளக்க அவரிடம் கருவி இல்லை. அந்தக் கோட்டை ஆட்சி போட்டது. போடட்டும், போடத்தான் வேண்டும். ஆனால் ஆட்சி போட்ட கோடு என்றே அது அறியப்படட்டும்.

ஆகவே நாம் கேட்பது இரண்டு தாள். ஒன்றில் கணக்கு: எத்தனை பன்றி, எவ்வளவு சேதம், சுட்ட பின் சேதம் குறைந்ததா இல்லையா. அதில் ஆய்வாளர் கையெழுத்திடட்டும், எவரும் சரிபார்க்கட்டும். மற்றொன்றில் முடிவும் அதன் காரணமும். அதில் அமைச்சர் கையெழுத்திடட்டும், சட்டமன்றத்தில் விடை கூறட்டும். அந்த இரண்டாவது தாளில் முதல் வரியாக ஒன்றைக் காண விழைகிறோம்: காட்டோரம் 1 கிலோமீட்டருக்குள் நிலம் வைத்திருப்பவர், நாடு முழுமைக்காகவும் பன்றியைப் பொறுத்துக் கொள்கிறாரே, அவருக்கு இழப்பீடு எவ்வளவு, எத்தனை நாளில்?